எட்டாவது அறையின் மாலை

புரட்டாசி மாதத்தில் அய்யாவு கவுச்சி தொடமாட்டார். மனைவி பவுனம்மாள் கட்டிக் கொடுக்கும் புளிச்சாதத்தைச் சதுப்பு நிலத்தின் நடுவே, மிதக்கும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவார். கூட உட்கார்ந்து சாப்பிட ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அந்த இயந்திரத்தை ஓட்டுகிற இருதயம். அவர் கிள்ளானில் குடியிருக்கிற கத்தோலிக்கர். மீன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அவர் டிபனைத் திறந்தால் பொரித்த மீனின் வாசம் சேற்று வாசத்தையே அமுக்கிவிடும்.

இருவரும் சேர்ந்து வேலை செய்த முதல் புரட்டாசியில் அந்த டிபனில் கீரையும் பருப்பும் இருந்தன. மறுநாள் கத்தரிக்காய். அதற்கடுத்த நாள் ரசமும் அப்பளமும்.

"என்னண்ணே, உங்க வீட்டுலயும் புரட்டாசியா?" என்று அய்யாவு கேட்டார்.

"டாக்டர் சொல்லிட்டாரு லா. கொழுப்பு ஏறிப் போச்சாம்" என்றார் இருதயம், அப்பளத்தை நொறுக்கியபடி.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அய்யாவு அவர் வீட்டுக்குப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. இருதயத்தின் மனைவி உர்சுலா பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "எந்த டாக்டர் தம்பி? நீங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடுறீங்கன்னு, ஒரு மாசம் எங்க வீட்டு அடுப்புல மீனே ஏத்த விடல இவரு. டிபன்ல மணம் ஒட்டிக்குமாம்."

இருதயம் காதில் விழாதவர் போல வாசலுக்கு எழுந்து போய்விட்டார். அய்யாவுவும் அதைப் பற்றி அவரிடம் பேசவில்லை. ஆனால் இந்த மனுசனுக்கு ஒரு கெடுதல் வந்தால் அது தன்னால் வரக்கூடாது என்று அன்றைக்கு மனத்துக்குள் வேண்டிக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்த கடவுள் அந்த வேண்டுதலையே மூன்றாம் வருடம் எடுத்துச் சோதிப்பார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். ரோட்டோரத்தில் மண் தோண்டுகிற எக்ஸ்கவேட்டரை எல்லாரும் பார்த்திருப்போம். அதையே சதுப்பில் இறக்கினால் ஒரு மணி நேரத்தில் கூரை மட்டும்தான் மிஞ்சும். ஆகவே சதுப்புக்கென்று வேறு மாதிரி செய்கிறார்கள். அடியில் சக்கரத்துக்குப் பதிலாகப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீண்ட இரும்புப் பெட்டிகள். உள்ளே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் செயின் ஓடும். சேற்றில் நடக்கும், ஆழமான தண்ணீர் வந்தால் மிதக்கும். ஒவ்வொரு பெட்டியும் நான்கு நான்கு அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஆக எட்டு அறை. ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சுவரின் மேல் விளிம்பில் உள்ளங்கை அகலத்தில் ஒரு திருகு மூடி.

காலையில் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் இருதயம் சுத்தியலை எடுத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி வருவார். ஒவ்வோர் அறையையும் ஒரு தட்டு. காலியாக இருந்தால் கோயில் மணி போல 'ணங்' என்று கேட்கும். தண்ணீர் புகுந்திருந்தால் 'தொப்' என்று அடைத்த சத்தம் வரும். எட்டு ணங் கேட்ட பிறகுதான் ஏறுவார். ஏறியதும் கண்ணாடிக்கு முன்னால் தொங்கும் ஜெபமாலையைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்.

அவருடைய அப்பா பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். மகனும் பதினேழு வயதில் டிராக்டர், அப்புறம் புல்டோசர், அப்புறம் இது என்று ஏறிக்கொண்டே வந்தார். கம்பெனிக்கு இந்தச் சதுப்பு இயந்திரம் முதன்முதலில் வந்து இறங்கியபோது ஏறுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. முதலாளி ராஜன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இருதயம்தான் முன்னால் வந்தார். தைரியசாலி என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அவரிடமே ஒருநாள் அய்யாவு கேட்டார்: "உங்களுக்குப் பயமே இல்லையாண்ணே?"

"யார் சொன்னா? தினமும் பயந்துக்கிட்டேதான் ஏறுறேன். பயம் இல்லாதவன் கூட நான் ஏறமாட்டேன் அய்யாவு. உன்னையே அதுக்குத்தான் கேட்டு வாங்கினேன்."

அது கேலி இல்லை. அய்யாவுவுக்கு நீந்தத் தெரியாது. பெட்டியின் மேல் நின்று நீளக் கழியால் ஆழம் பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. கழி எவ்வளவு இறங்கினாலும் கெட்டியான தரை தட்டாத இடங்கள் உண்டு. தேநீர் நிறத்தில் தண்ணீர், அதற்குக் கீழே கறுப்புக் கூழ், அதற்கும் கீழே என்ன என்று யாரும் பார்த்ததில்லை. போதாததற்குப் படகு ஓட்டும் கிஷன் வேறு. டீசலும் சாப்பாடும் கொண்டுவருவது அவர்தான். நாற்பது வயதாகியும் வாய் சும்மா இருக்காது.

"முதலைக்குக் கவுச்சி சாப்பிடறவங்கள விட மரக்கறிக்காரங்களத்தான் பிடிக்குமாம்ணே. கறி இளசா இருக்குமாம்."

"உன்னைப் பாத்தா அது எட்டிக்கூடப் பாக்காது. நாக்குதான் நீளம், சதையே இல்ல" என்பார் அய்யாவு. சிரித்துக்கொண்டே சொன்னாலும் கால் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்வார்.

மூன்றாம் வருடம் காப்பார் பக்கத்துக் கடலோரச் சதுப்பில் வேலை. தூர்ந்துபோன வாய்க்காலை மழைக்காலத்துக்குள் ஆழப்படுத்தி முடிக்க வேண்டும். ஆயுத பூஜை வந்தது. இயந்திரத்தைக் கம்பெனி யார்டுக்குக் கொண்டுபோக நேரமில்லை, பூஜையை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று ராஜன் சொல்லிவிட்டார்.

பூஜையன்று காலை அய்யாவு கரையோரம் நின்ற இயந்திரத்தைக் கழுவினார். எட்டு மூடிகளையும் கழற்றித் துடைத்து, மரையில் கிரீஸ் தடவித் திரும்ப மாட்டினார். பெரிய ஸ்பானரால் ஏழு மூடிகளை இறுக்கி முடித்திருந்தார். எட்டாவதைக் கையால் திருகிக்கொண்டிருக்கும்போது ராஜனின் கார் வந்து நின்றது. அவர் மனைவி புனிதா தட்டும் பழமுமாக இறங்கினார்.

"அண்ணே, ஸ்பானர் சுத்தியல் எல்லாத்தையும் குடுங்க. சாமிகிட்ட வைக்கணும், நல்ல நேரம் முடியப் போகுது" என்று அவசரப்படுத்தினார்.

அய்யாவு கொடுத்துவிட்டார். ஸ்பானருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து வாழையிலையில் அடுக்கியாயிற்று. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுத்து வேலை செய்யக்கூடாது. அது சின்ன வயதிலிருந்து அவர் மீறாத வழக்கம். நாளைக்கு ஒரு திருகு திருகிக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டார்.

மாலையை எங்கே போடுவது என்று அடுத்த யோசனை. மண் அள்ளும் பக்கெட் சேற்றுக்குள் கிடந்தது. ஓட்டுநர் அறையில் இருதயத்தின் ஜெபமாலை தொங்குகிறது. அதன் மேல் போய்த் தன் மாலையைப் போட அய்யாவுவுக்கு மனம் வரவில்லை. வலப்பக்கப் பெட்டியின் பின்மூலையில் ஒரு கொக்கி இருந்தது. செவ்வந்தி மாலையை அதில் மாட்டினார். எட்டாவது மூடி பூவுக்குள் மறைந்துபோனது.

மறுநாள் வேலை தொடங்கியது. இருதயம் சுத்தியலோடு சுற்றி வந்தார். ஏழு ணங். எட்டாவது அறைக்கு முன்னால் வந்து ஓங்கிய கையை நிறுத்தினார். பூவைப் பார்த்தார். பூஜை மாலையை ஒதுக்கிவிட்டுச் சுத்தியலால் தட்டுவதா என்று நினைத்தாரோ என்னவோ, சுத்தியலை இறக்கிக்கொண்டு ஏறிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த அய்யாவுவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. மூடியின் நினைவே வரவில்லை. பூ வாடித் தானாக விழட்டும், பூஜை மாலையை நாமாகப் பிடுங்கக்கூடாது என்பதுதான் நினைவில் இருந்தது. அடுத்த நாளும் ஏழு தட்டு. அதற்கடுத்த நாளும் ஏழு.

மூன்றாம் நாள் கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே போயிருந்தார்கள். கண்டல் மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி நின்றன. கிஷன் டீசல் எடுக்கக் கரைக்குத் திரும்பியிருந்தார். வானம் கறுத்திருந்தது. மதியம் கடல் தண்ணீர் ஏறுகிற நேரம்.

காலையில் வாங்கிய தேநீரைப் பிளாஸ்டிக் பையோடு கைப்பிடிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவது அய்யாவுவின் பழக்கம். ஆழம் பார்த்துவிட்டு ஒரு வாய் குடிக்கலாம் என்று திரும்பியவர் அப்படியே நின்றார். கம்பியோடு ஒட்டித் தொங்க வேண்டிய பை, கம்பியை விட்டு ஒரு சாண் விலகிப் பின்பக்கம் சாய்ந்து நின்றது. காற்று இல்லை. பை நேராகத்தான் தொங்கியது. சாய்ந்திருந்தது கம்பி.

"அண்ணே" என்றார்.

இருதயம் அதற்குள் உணர்ந்துவிட்டார். தோண்டுவதை நிறுத்தியிருந்தார். "அய்யாவு, இடது பக்கம் முன்னால வந்து நில்லு. ஓடாத. மெதுவா வா."

அய்யாவு வலப்பக்கப் பின்மூலையைப் பார்த்தார். தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டிய மாலையின் கீழ்ப்பாதி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. வாடிய பூக்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போயின. அதற்குள்ளிருந்து குமிழி வந்தது. ஒன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல.

ஸ்பானர். வாழையிலை. நாளைக்கு ஒரு திருகு. எல்லாம் ஒரே நொடியில் வந்து நெஞ்சில் இடித்தது. மூன்று நாளாகச் செயின் மேலேற்றிய தண்ணீரெல்லாம் சுவரில் வழிந்து, இறுக்காத மூடி வழியே சொட்டுச் சொட்டாக உள்ளே போயிருக்கிறது. இப்போது மூலை தாழ்ந்து மூடியே முழுகிவிட்டது. இனி சொட்டு இல்லை.

இருதயம் இயந்திரத்தின் நீண்ட கையை மெதுவாக இடது முன்பக்கம் திருப்பினார். பளுவை அந்தப் பக்கம் கொண்டுபோகப் பார்க்கிறார் என்று புரிந்தது. பக்கெட்டைத் தரையில் ஊன்றினார். அது வெண்ணெயில் கரண்டி போல இறங்கிக்கொண்டே போனது. பின்மூலை இன்னும் ஒரு விரற்கடை தாழ்ந்தது. கையைத் தூக்கி நீட்டி, பக்கெட்டின் பற்களை ஒரு கண்டல் மரத்தின் தூரில் மாட்டி இழுத்துப் பிடித்தார். வேர்கள் முனகின. இயந்திரம் நின்றது.

"பிடிச்சிருக்கு. வேர் எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியாது. நான் லிவரை விட முடியாது" என்றார். கண்ணாடிக்குள் அவர் முகம் வெளுத்திருந்தது. உதடு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. "கிஷனுக்கு போன் போடு. படகு வந்ததும் நீ ஏறிக்கோ. என்னைப் பாக்காத."

அய்யாவு போன் போட்டார். "வரேண்ணே, கால் மணி நேரம்" என்றார் கிஷன். அந்தக் குரலில் கேலி இல்லை. அதுவே அய்யாவுவை இன்னும் பயமுறுத்தியது.

கால் மணி நேரம். தூரில் ஒரு வேர் 'டப்' என்று அறுந்தது. இருதயத்தின் அறைக் கதவு இடது பக்கம்தான். லிவரை விட்டுவிட்டுக் குதித்தால் அவர் தப்பலாம். விட்ட மறுகணம் இயந்திரம் புரளும், முன்னால் நிற்கும் நீந்தத் தெரியாத ஆள் அடியில் போவார். அதனால்தான் அவர் விடவில்லை. அய்யாவுவுக்கு அது தெரிந்தது.

பிறகு நடந்ததைத் தாமே செய்ததாக அய்யாவு ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. மேலே இருக்கிறவன் பிடித்துத் தள்ளினான் என்றுதான் சொல்லுவார். வலப்பக்கமாகப் பின்மூலையை நோக்கித் தவழ்ந்து போனார்.

"அய்யாவு! அங்க போகாத, சொல்றதக் கேளு."

அவர் கேட்கவில்லை. கொக்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படுத்தார். மார்பு வரை தண்ணீர் வந்தது. மறுகையால் மாலையைப் பிடித்து அறுத்தார். முருகா, மன்னிச்சுக்கோ. தண்ணீருக்குள் விரலை விட்டுத் தடவினார். மூடி கையில் தட்டுப்பட்டது. தொட்டதுமே ஆடியது. கிரீஸ் வழுக்கியது. தோளில் கிடந்த துண்டை இழுத்து மூடியைச் சுற்றிப் போர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். அரைச் சுற்று. இன்னும் கால் சுற்று. குமிழி நின்றது. கைக்குக் கீழே, அந்தக் கறுப்புத் தண்ணீரில் ஏதோ ஒன்று உரசிப் போனது. வேரோ, மீனோ. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தபடியே கிடந்தார்.

படகு வரும்வரை அப்படியே கிடந்தார். மழையும் வந்துவிட்டது. கிஷன் கைப்பம்பு கொண்டுவந்திருந்தார். கரையிலிருந்து இரண்டு ஆட்களும் அவரோடு வந்திருந்தார்கள். மாற்றி மாற்றித் தண்ணீர் இறைத்தார்கள். பின்மூலை தண்ணீரை விட்டு மேலே வந்த பிறகுதான் இருதயம் லிவரை விட்டார். விரல்கள் மடங்கியபடியே இருந்தன. கிஷன்தான் ஒவ்வொன்றாக நீவி விரித்துவிட்டார்.

இருதயம் வந்து மூடியைப் பார்த்தார். அதில் சுற்றியிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு அய்யாவுவைப் பார்த்தார். பெட்டியில் ஓட்டையா, மூடியா என்று தேடாமல் நேராக மூடிக்குப் போனாயே, எப்படித் தெரியும் என்று கேட்கப்போகிறார் என்று அய்யாவு நடுங்கிக்கொண்டு நின்றார். அவர் கேட்டது வேறு.

"குளிருதா?"

மறுநாள் ராஜன் ஆபீசில் இருவரையும் நிற்கவைத்து விசாரித்தார். "அண்ணே, காலைல எட்டையும் தட்டினீங்களா?"

"ஏழுதான் தட்டினேன் பாஸ். மூணு நாளும் ஏழுதான்" என்றார் இருதயம்.

"ஏன்?"

"விட்டுட்டேன். என் தப்பு."

மாலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராஜன் அய்யாவு பக்கம் திரும்பினார். "மூடி எப்படி லூசாச்சு?" அய்யாவு வாயைத் திறந்தார். வேலை போய்விடுமே, பவுனம்மாளுக்கு என்ன சொல்வது, சாமி காரியத்தில் கவனக்குறைவு என்று நாலு பேர் பேசுவார்களே என்று எல்லாம் சேர்ந்து மனத்தில் ஓடியது. "ஆட்டத்துல கழண்டிருக்கும் பாஸ்" என்று இருதயமே முந்திக்கொண்டார்.

அறுபதைத் தொட்ட ஆள், கவனம் குறைந்துவிட்டது என்று முடிவாயிற்று. இருதயத்தைச் சதுப்பு இயந்திரத்திலிருந்து எடுத்து, யார்டில் பழைய லோரிகளுக்கு எண்ணெய் மாற்றுகிற வேலையில் போட்டார்கள். புது ஓட்டுநர் வந்தார். அய்யாவு பழையபடி கழியோடு பெட்டியின் மேல் நின்றார். தண்ணீருக்குப் பயந்த பயம் இப்போது அவருக்குச் சின்னதாகத் தெரிந்தது. யார்டைத் தாண்டும்போது இருதயம் கையசைப்பார். அந்தக் கைக்குத்தான் பயந்தார். தினமும் விளக்கேற்றும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். சாயங்காலம் வேறு வழியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

தை முடிந்து இருதயம் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டார். மகள் ஷார்மைன் செமினியில் வீடு வாங்கியிருக்கிறாள், அப்பா அம்மாவை அங்கேயே கூட்டிக்கொண்டு போகிறாள் என்றார் கிஷன். "போய்ப் பாத்துட்டு வாங்கண்ணே. உங்களத்தான் கேட்டாரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் பூசை முடிந்து இருதயமும் உர்சுலாவும் வரும் நேரம் பார்த்து, அய்யாவு சர்ச் வாசலில் நின்றார். உர்சுலா அங்கே ஒரு கடையில் துணி பார்க்கப் போனார். ஆண்கள் இருவரும் வாழையிலைக் கடையில் உட்கார்ந்தார்கள். அய்யாவு தைப்பூசம் முடித்தும் விரதத்தை விடவில்லை என்று தெரிந்ததும், மீன் குழம்பை ஊற்ற வந்தவரைக் கையால் மறித்து, "எனக்கும் சாம்பார்" என்றார் இருதயம்.

அய்யாவுவால் ஒரு கவளம்கூட எடுக்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. "அண்ணே, அந்த மூடி. பூஜைக்கு அன்னைக்கு நான்" என்று தொடங்கினார்.

"சோறு ஆறுது. சாப்பிடு" என்றார் இருதயம்.

"இல்லண்ணே, சொல்லிடறேன். ஸ்பானரைச் சாமிகிட்ட வச்சுட்டாங்க. கையாலதான் திருகினேன். அப்புறம் மறந்துட்டேன். ஆபீஸ்லயும் வாயத் தொறக்கல. உங்கள எறக்கிட்டாங்க." இத்தனை மாதம் அடைத்திருந்தது கொட்டிவிட்டது. பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள்.

இருதயம் இலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அதிர்ச்சி எதுவும் அவர் முகத்தில் இல்லை. அவருக்கு அன்றைக்கே தெரியும் என்று அப்போதுதான் அய்யாவுவுக்கு உறைத்தது. முழுகிய மூடியை நோக்கி நேராகப் போன ஆளைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தானே.

சாப்பிட்டு முடித்து, துணிக்கடையிலிருந்து திரும்பிய உர்சுலாவோடு மூவரும் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்தார்கள். செமினியில் கீழ்வீடுதான், படி ஏறவேண்டாம் என்று உர்சுலா சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் புது வீட்டில் இருதயம் மூன்று மாதம்தான் இருந்தார். ஒரு காலை வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அய்யாவு அவரை உயிரோடு பார்த்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி.

அன்றைக்கு நிலையத்தின் நகரும் படியில் கால் வைப்பதற்கு முன்னால் இருதயம் நின்றார். அய்யாவுவின் தோளில் கை வைத்தார். விரல்கள் இன்னும் முழுதாக நீளவில்லை.

"இந்த வருசமும் மாலை போடு அய்யாவு, என் பேரச் சொல்லி நிறுத்திடாத. காலைல அதை ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எட்டையும் தட்டு. உன் சாமி ஒன்னும் கோவிச்சுக்காது லா."